அகதி தந்த சன்னல்: சிசிலி சாண்டர்ஸ் வாழ்க்கை

இலண்டன் மாநகரின் தென்கிழக்கே சிடன்ஹம் என்னும் பகுதியில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் இருக்கிறது. குணமாகாத நோயுற்றவர்களின் வலியைத் தணித்து, அவர்களின் எஞ்சிய நாள்களை நிம்மதியாகக் கழிக்க வைக்கும் இல்லம் அது. ‘ஹோஸ்பிஸ்’ என்றும் ‘நோய் தணிப்புப் பராமரிப்பு’ என்றும் இன்று உலகம் முழுவதும் அறியப்படும் மருத்துவத் துறைக்கு அதுவே தாய்வீடு. அந்த இல்லத்தில் அலங்காரம் ஏதுமற்ற ஒரு கண்ணாடிச் சன்னல் உண்டு. அதற்கான பணத்தைத் தந்தவர் செல்வந்தரும் அல்லர், அரசாங்கமும் அன்று. உற்றார் உறவினர் எவரும் அருகில் இல்லாமல் இலண்டனில் இறந்துபோன ஓர் அகதி.

அந்த இல்லத்தை எழுப்பியவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். மருத்துவம், தாதிமை பயிலும் நண்பர்களுக்கு இவர் பெயர் பாடநூலில் அறிமுகமாகியிருக்கும். ஆனால் இவருடைய பணி அகதி ஒருவரின் படுக்கையருகே தொடங்கியது என்பதைப் பலர் அறிந்திருக்க மாட்டார்கள். அகதிகள் சாகும் தறுவாயில் வலி மருந்தும் துணையும் இன்றித் தவிக்கும் நிலை இன்றும் தொடர்வதால், இவர் வாழ்க்கையை அந்தக் கோணத்தில் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

கூட்டத்தில் சேராத பெண்

சிசிலி சாண்டர்ஸ் 1918ஆம் ஆண்டு ஜூன் 22ஆம் நாள் இங்கிலாந்தின் பார்னெட் நகரில் பிறந்தார். தந்தை நிலம், வீடு விற்பனை முகவர். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் பெற்றோருக்கிடையே ஒற்றுமை இல்லை. பின்னாளில் அவர்கள் பிரிந்து வாழ்ந்தனர். ரோடீன் என்னும் புகழ்பெற்ற விடுதிப் பள்ளியில் சிசிலி சேர்க்கப்பட்டார். மற்ற மாணவியரைவிட மிக உயரமாகவும் கூச்ச சுபாவம் உடையவராகவும் இருந்த அவருக்கு அங்கே தோழியர் எளிதில் கிடைக்கவில்லை. ஒதுக்கப்பட்டவர்கள்பால் தமக்கு ஏற்பட்ட பரிவுக்கு அந்தப் பள்ளி நாள்களே காரணம் எனப் பிற்காலத்தில் அவர் கருதினார்.

1938இல் ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல், தத்துவம், பொருளியல் படிக்கச் சென்றார். அடுத்த ஆண்டே இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாடு போரில் தவிக்கும்போது நூலகத்தில் அமர்ந்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. 1940இல் படிப்பை நிறுத்திவிட்டு, இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையோடு இணைந்த நைட்டிங்கேல் தாதியர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். 1944இல் பயிற்சியை முடித்தார். ஆனால் முதுகெலும்புக் கோளாறு அவரை வாட்டியது. நோயாளிகளைத் தூக்குவதும் நெடுநேரம் நிற்பதும் இனி இயலாது என்றானபோது, விரும்பி ஏற்ற தொழிலை விட வேண்டியதாயிற்று.

மீண்டும் ஆக்ஸ்ஃபர்ட் சென்று பட்டத்தை முடித்த அவர், மருத்துவச் சமூகப் பணியாளராகப் பயிற்சி பெற்று 1947இல் செயின்ட் தாமஸ் மருத்துவமனைக்கே திரும்பினார். பிரிட்டனின் இலவச தேசிய மருத்துவச் சேவை 1948 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முந்திய அந்த நாள்களில் நோயாளிக்குக் கட்டணம் செலுத்த வழி உண்டா, வீட்டில் பார்த்துக்கொள்ள யார் இருக்கிறார்கள், மருத்துவமனையை விட்டுப் போனால் எங்கே தங்குவார் என்றெல்லாம் விசாரித்து உதவுவது இந்தப் பணியாளரின் கடமை. நோயைத் தாண்டி நோயாளியின் வாழ்க்கையைப் பார்க்கும் பழக்கம் சிசிலிக்கு இங்கேதான் வந்தது.

வார்சாவிலிருந்து வந்தவர்

அவர் கவனிப்பில் வந்தவர்களில் ஒருவர் டேவிட் டாஸ்மா. போலந்து நாட்டின் வார்சா நகரைச் சேர்ந்த யூதர், வயது 40. இலண்டனில் உணவகப் பணியாளராக வேலை செய்துவந்தார். அறுவைச் சிகிச்சையால் தீர்க்க முடியாத புற்றுநோய் அவருக்கு இருந்தது. 1948ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நோய் முற்றி, ஆர்ச்வே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அவருக்கு இங்கிலாந்தில் குடும்பம் இல்லை. போலந்து யூதர்களில் மிகப் பெரும்பாலோர் போரில் கொல்லப்பட்டுவிட்டனர். நோயாளிகள் நெருக்கமாகக் கிடத்தப்பட்ட பொது வார்டு அது. அங்கே அவரோடு அமர்ந்து பேச எவருக்கும் நேரமில்லை. சிசிலி தம் பணி எல்லையைத் தாண்டி, ஏறத்தாழ இரண்டு மாதக் காலத்தில் 25 முறை அவரைச் சென்று பார்த்தார். உடல் வலியைவிட இன்னொன்று டாஸ்மாவை அதிகம் வருத்தியது. பிறந்து வாழ்ந்ததற்கு எந்த அடையாளமும் இல்லாமல், தம்மை நினைக்க எவரும் இல்லாமல் போகிறோமே என்பதுதான் அது.

தம்மைப் போன்றவர்கள் அமைதியாக இறக்கத் தகுந்த ஓர் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதைப் பற்றி இருவரும் பேசினார்கள். வலிக்குச் சரியான மருந்து வேண்டும். அதோடு மனிதர் ஒருவர் அருகில் அமர நேரமும் வேண்டும் என்பது அந்தப் பேச்சில் தெளிவாயிற்று. 1948 பிப்ரவரி 25ஆம் நாள் டாஸ்மா இறந்தார். அவர் சிசிலிக்கு 500 பவுண்டு விட்டுச்சென்றார். அவர் எழுப்பப்போகும் இல்லத்தில் தாம் ஒரு சன்னலாக இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். உணவகப் பணியாளர் ஒருவருக்கு 500 பவுண்டு சிறு தொகையன்று. அப்போது இல்லமும் இல்லை, நிலமும் இல்லை. சிசிலிக்கு வயது 29.

மூன்றாவது படிப்பு

அதே ஆண்டில் சிசிலி, இலண்டனின் பேஸ்வாட்டர் பகுதியில் இறக்கும் தறுவாயில் இருந்த ஏழைகளுக்காக நடத்தப்பட்ட செயின்ட் லூக் மருத்துவமனையில் மாலை வேளைகளில் தொண்டூழியராகச் சேர்ந்தார். அங்கே ஒரு நடைமுறை அவர் கண்ணில் பட்டது. பிற மருத்துவமனைகளில் நோயாளி வலி தாங்காமல் கதறிய பிறகே மருந்து கொடுப்பார்கள். மருந்தின் பலம் குறைந்ததும் மீண்டும் வலி, மீண்டும் கெஞ்சல். செயின்ட் லூக்கிலோ வலி திரும்புவதற்கு முன்பாகவே, கடிகாரத்தைப் பார்த்து நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மருந்து கொடுத்தார்கள். நோயாளிகள் மயங்கிக் கிடக்கவில்லை. பேசினார்கள், சாப்பிட்டார்கள், உறவினரோடு இருந்தார்கள்.

இத்துறையிலேயே வாழ்நாளைச் செலவிட விரும்பிய அவருக்கு, நார்மன் பாரெட் என்னும் அறுவை மருத்துவர் ஓர் அறிவுரை கூறினார். சாகப்போகும் நோயாளிகளை மருத்துவர்களே கைவிட்டுவிடுகிறார்கள். மருத்துவராகாமல் பேசினால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள் என்பது அதன் சாரம். சிசிலி 1951இல், 33ஆம் வயதில், மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். தம்மைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர்களோடு அமர்ந்து அறிவியல் பாடங்களை அடிப்படையிலிருந்து கற்று, 1957இல் மருத்துவரானார். தாதி, சமூகப் பணியாளர், மருத்துவர் ஆகிய மூன்று பயிற்சிகளும் ஒருவரிடமே சேர்ந்தது பின்னர் பெரும் பயன் தந்தது.

முழு வலி

1958 முதல் ஏழு ஆண்டுகள், கிழக்கு இலண்டனில் ஹாக்னி பகுதியில் அயர்லாந்துக் கன்னியர் நடத்திவந்த செயின்ட் ஜோசப் இல்லத்தில் அவர் ஆய்வு செய்தார். நேரம் தவறாமல் மருந்து கொடுக்கும் முறையை அங்கே புகுத்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைக் குறித்துவைத்தார். ஒலிப்பதிவுக் கருவியோடு படுக்கையருகே அமர்ந்து அவர்கள் சொன்னதைப் பதிவு செய்தார். வாய்வழியே, தக்க அளவில், ஒழுங்கான இடைவெளியில் கொடுக்கும் மார்ஃபின் புற்றுநோயாளியைப் போதைக்கு அடிமையாக்கிவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்பதை அவரது குறிப்புகள் காட்டின. 1970களில் செயின்ட் கிறிஸ்டோபரில் டாக்டர் ராபர்ட் ட்வைகிராஸ் செய்த ஆய்வுகள் இதற்கு மேலும் வலுச் சேர்த்தன.

நோயாளிகளின் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவர் உருவாக்கிய கருத்துதான் ‘முழு வலி’. வலி உடலில் மட்டும் இருப்பதில்லை. மனத்தின் அச்சமும், குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலையும், வாழ்ந்ததற்கு என்ன பொருள் என்ற ஏக்கமும் அதில் கலந்திருக்கின்றன. இவற்றுள் ஒன்றை மட்டும் கவனித்தால் மற்றவை அதனையும் கிளறிவிடும். 1960களின் நடுப்பகுதியில் அவர் முன்வைத்த இக்கருத்து இன்று இத்துறையின் அடிப்படைப் பாடம்.

இந்தக் கருத்தை அகதி ஒருவரின் நிலையில் வைத்துப் பாருங்கள். ஊர் போயிற்று, வீடு போயிற்று, உறவுகள் சிதறிப்போயின. கையில் சரியான ஆவணம் இல்லை. மருத்துவர் பேசும் மொழி புரியவில்லை. ‘முழு வலி’யின் எல்லாக் கூறுகளும் அங்கே ஒருங்கே நிற்கின்றன. சிசிலி அதை முதன்முதலில் கண்டதே டாஸ்மாவிடம்தான்.

செயின்ட் ஜோசப்பிலும் போலந்துக்காரர் ஒருவர் அவர் மனத்தில் ஆழமாக இடம்பெற்றார். அந்தோனி மிக்னியேவிச் என்னும் அந்த நோயாளியோடு ஏற்பட்ட அன்பு, 1960இல் அவர் இறந்ததோடு முடிந்தது. அடுத்த ஆண்டே தந்தையும் மறைந்தார். துயரம் சிசிலியை நெடுநாள் வாட்டியது. இறந்தவருக்குச் செய்யும் பணிவிடையோடு கடமை முடிவதில்லை, பின்தங்கியிருக்கும் உறவினரின் துக்கத்துக்கும் துணை வேண்டும் என்பதை அவர் தம் அனுபவத்திலேயே உணர்ந்தார். பிற்காலத்தில் அவர் மணந்துகொண்டவரும் போலந்து நாட்டவரே. ஜெர்மனியில் போர்க் கைதியாகப் பல ஆண்டுகள் அடைபட்டு, போருக்குப் பின் இலண்டனில் குடியேறிய ஓவியர் மரியான் பொகுஷ்-ஷிஷ்கோ. 1980இல் திருமணம் நடந்தபோது சிசிலிக்கு வயது 61. 1995இல் மரியான் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்திலேயே காலமானார்.

சன்னலைச் சுற்றி எழுந்த வீடு

இல்லம் எழுப்புவது எளிதாக இருக்கவில்லை. நிதி திரட்டப் பல ஆண்டுகள் பிடித்தன. அரசு மருத்துவச் சேவைக்கு வெளியே நின்றால்தான் புதிய முறைகளைத் தயக்கமின்றிச் சோதிக்க முடியும் என்று எண்ணி, அறக்கட்டளைகளிடமும் தனியாரிடமும் உதவி கேட்டார். டாஸ்மா இறந்து 19 ஆண்டுகளுக்குப் பின், 1967 ஜூலை 24ஆம் நாள், செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் 54 படுக்கைகளோடு அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

பெயரிலேயே பொருள் இருக்கிறது. கிறிஸ்டோபர், கிறிஸ்தவ மரபில் வழிப்போக்கர்களின் காவலர். ஹோஸ்பிஸ் என்ற சொல்லும் பழங்காலத்தில் வழிப்போக்கர் தங்கிச் செல்லும் இடத்தையே குறித்தது. நம் முன்னோர் கட்டிய சத்திரம் போன்றது அது. சத்திரத்து வாசலில் வந்தவரின் ஊர் எது, சாதி எது என்று கேட்டுத் திருப்பி அனுப்புவது அறமாகாது. சிசிலி ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உடையவர். ஆயினும் எந்த மதத்தவரும், மத நம்பிக்கை அற்றவரும் அங்கே வரலாம் என்பதில் உறுதியாக இருந்தார்.

இல்லத்திலிருந்து இல்லங்களுக்கு

54 படுக்கைகள் எத்தனை பேருக்குப் போதும்? பலரும் தங்கள் வீட்டில், தங்கள் மக்களோடு இருக்கவே விரும்பினர். எனவே 1969இல் செயின்ட் கிறிஸ்டோபரின் தாதியர் வீடு தேடிச் செல்லும் சேவை தொடங்கியது. மருந்தின் அளவைச் சரிபார்ப்பது, குடும்பத்தினருக்குப் பராமரிக்கக் கற்றுக்கொடுப்பது, அவர்களின் அச்சத்தைப் போக்குவது எல்லாம் வீட்டிலேயே நடந்தன. இத்துறை உலகில் பரவியதற்கு இந்த மாற்றமே முக்கியக் காரணம் எனலாம். கட்டடம் எழுப்பப் பெருந்தொகை வேண்டும். ஆனால் பயிற்சி பெற்ற ஒரு தாதியும், ஒரு புட்டி மார்ஃபின் கரைசலும், அக்கறையுள்ள அண்டை வீட்டாரும் இருந்தால் குடிசையிலும் முகாமிலும் இதனைச் செய்ய முடியும்.

1987இல் பிரிட்டன் இதனைத் தனி மருத்துவத் துறையாக ஏற்றது. சிசிலிக்கு 1981இல் டெம்பிள்டன் விருதும் 1989இல் ‘ஆர்டர் ஆஃப் மெரிட்’ என்னும் உயர் சிறப்பும் கிடைத்தன. 2005 ஜூலை 14ஆம் நாள், தம் 87ஆம் வயதில், தாம் எழுப்பிய இல்லத்திலேயே புற்றுநோயால் மறைந்தார்.

கதவு எல்லாருக்கும் திறந்ததா?

புகழுரையோடு நிறுத்திக்கொள்வது அவருக்குச் செய்யும் நியாயமாகாது. அகதி ஒருவரின் பணத்தில் வேர்விட்ட இயக்கம், அகதிகளிடம் முழுமையாகப் போய்ச் சேரவில்லை. பிரிட்டனிலேயே சிறுபான்மை இனத்தவர் இத்தகைய இல்லங்களுக்குக் குறைவாகவே வருகிறார்கள் என்பது 1990களில் சுட்டிக்காட்டப்பட்டது. மொழி, உணவு, சடங்கு ஆகியவற்றில் தயக்கம், இப்படி ஒரு சேவை உண்டு என்றே தெரியாமை எனக் காரணங்கள் பல.

உலக அளவில் நிலைமை இன்னும் கவலைக்குரியது. ஆண்டுதோறும் 56.8 மில்லியன் பேருக்கு நோய் தணிப்புப் பராமரிப்பு தேவைப்படுகிறது. அதில் சுமார் 14 விழுக்காட்டினரே அதைப் பெறுகிறார்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2017இல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கை இன்னொரு கணக்கைத் தந்தது. ஆண்டொன்றுக்கு உலகில் வழங்கப்படும் மார்ஃபின் வகை மருந்து 298.5 டன், அதில் மிகக் குறைந்த வருமான நாடுகளுக்குக் கிடைப்பது 0.1 டன் மட்டுமே. அகதிகளில் பெரும்பாலோர் தஞ்சம் புகுந்திருப்பது குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில்தான். முகாம்களில் தொற்றுநோய்க்கும் காயத்துக்கும் பிரசவத்துக்கும் முதலிடம் தருவது இயல்பு. அதனால் புற்றுநோயாளியும் முதியவரும் வரிசையின் கடைசியில் நிற்கிறார்கள். உயிர் காக்கும் பணியோடு வலி தணிக்கும் பணியும் சேர வேண்டும் என்று 2018இல்தான் உலகச் சுகாதார நிறுவனம் நெருக்கடிக் காலங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டது.

முடியாத காரியம் அன்று என்பதற்கு நம் வட்டாரத்தோடு தொடர்புடைய சான்று உண்டு. டாக்டர் ஆன் மெரிமேன் 1980களில் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் பல்கலைக்கழகங்களில் கற்பித்தவர். சிங்கப்பூரில் மருந்தாளர்களோடு சேர்ந்து மார்ஃபின் தூளை நீரில் கரைத்து மலிவான வாய்வழிக் கரைசல் தயாரிக்கும் முறையை வகுத்தார். அதே முறையோடு 1993இல் உகாண்டாவில் வீடு தேடிச் செல்லும் சேவையைத் தொடங்கினார். பயிற்சி பெற்ற தாதியரே மார்ஃபின் எழுதிக்கொடுக்க 2004இல் அந்நாடு சட்டம் இயற்றியது. ஆப்பிரிக்காவில் மிக அதிகமான அகதிகளுக்கு இடம் தந்திருக்கும் நாடுகளுள் உகாண்டாவும் ஒன்று என்பதால், மருத்துவர் எட்டாத குடியேற்றங்களுக்கும் வலி மருந்து போய்ச் சேர இது வழி திறந்தது. மெரிமேன் 2025இல் காலமானார்.

நம் அருகில்

மலேசியா 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. எனினும் ஐ.நா. அகதிகள் ஆணையத்திடம் இங்கே பதிந்துகொண்டவர்களின் எண்ணிக்கை 2024இல் 1 இலட்சத்து 80 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. பெரும்பாலோர் மியன்மாரிலிருந்து வந்தவர்கள். இலங்கையிலிருந்து வந்தவர்களும் உள்ளனர். ஆணையத்தின் அட்டை இருந்தால் அரசு மருத்துவமனைகளில் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதிச் சலுகை வழங்கப்பட்டு வந்துள்ளது. அன்றாடக் கூலியில் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்தப் பாதியும் பெருஞ்சுமை. அட்டை இல்லாதவரோ மருத்துவமனைப் பக்கம் வரவே அஞ்சுகிறார். நோய் முற்றிய பிறகு வாடகை அறையில் படுத்துவிடுகிறார். அவரிடம் போய்ச் சேரக்கூடியது வீடு தேடி வரும் சேவைதான். 1991இல் தொடங்கப்பட்ட ஹோஸ்பிஸ் மலேசியா போன்ற அமைப்புகள் அத்தகைய சேவையைக் கட்டணமின்றிச் செய்துவருகின்றன. இத்தகைய சேவைக்கும் அந்த வாடகை அறைக்கும் இடையே தகவல் கொண்டுசெல்லும் ஆள் இல்லாததுதான் பல வேளைகளில் பெரிய தடை.

அந்த இடைவெளியில் மாணவர்களுக்கும் பட்டதாரிகளுக்கும் வேலை இருக்கிறது. தமிழ் மட்டுமே அறிந்த நோயாளிக்கும் மலாயும் ஆங்கிலமும் பேசும் மருத்துவருக்கும் இடையே மொழிபெயர்க்கலாம். பல குடும்பங்களில் இந்தச் சுமை பள்ளி செல்லும் பிள்ளையின் தலையில் விழுகிறது. தாய் பிழைக்க மாட்டாள் என்ற செய்தியைப் பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பது கொடுமை. ஆனால் மொழிபெயர்ப்பவர் மருத்துவர் சொன்னதைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கேட்டதை வெளியில் சொல்லவும் கூடாது. பயிற்சி பெற்றே இதில் இறங்க வேண்டும். மருந்து நேரத்தைத் தமிழில் எழுதி ஒட்டுவது, மருத்துவக் குறிப்புகளைப் பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துவது, கடல் கடந்த உறவினரோடு தொலைபேசியில் பேசவைப்பது, இறுதிச் சடங்கு எப்படி நடக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டு வைப்பது எல்லாம் சிறு செயல்களே. ‘முழு வலி’யின் பாதிக்கு மேல் இவற்றில்தான் அடங்கியிருக்கிறது.

1948இல் சிசிலி மருத்துவர் அல்லர். மார்ஃபின் எழுதிக்கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. நாடிழந்த ஒருவரை அவர் போய்ப் பார்த்தார், உட்கார்ந்தார், கேட்டார், மறுபடியும் போனார். அந்த 25 முறைதான் ஒரு மருத்துவத் துறைக்கு விதையானது. டாஸ்மா கொடுத்த கடனை அவருக்குத் திருப்பித் தர முடியாது. அவரைப் போல் இன்று நம் ஊரில் படுத்திருப்பவருக்குத்தான் தர முடியும்.